வழக்குப் போடாத நடிகர் ஒப்புக்கொண்டவரா?

கேள்வி இது: “ஒரு நடிகரைப் பற்றியோ நடிகையைப் பற்றியோ கிசுகிசு வருகிறது. அது பொய் என்றால் அவர்கள் ஏன் வழக்குப் போடுவதில்லை? கையில் பணம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். சும்மா இருந்தாலே ஒப்புக்கொண்ட மாதிரிதானே? நெருப்பில்லாமல் புகையுமா?”

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புகையும். நீங்கள் பேசுவது சினிமாவைப் பற்றி. நெருப்பே இல்லாமல் செட் முழுக்கப் புகை போட அங்கே ஒரு மெஷின் இருக்கிறது, வாடகைக்குக் கிடைக்கும்.

மற்றதற்கு விரிவாகத்தான் சொல்ல வேண்டும். ஒரு வார இதழில் சில வருஷம் உதவி ஆசிரியராகப் பக்கம் பார்த்தவன் நான். சினிமா பக்கமும் என் மேஜைக்கு வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

தெருக்குழாயடியில் சாடை பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். “சில பேர் இருக்காங்க, வெளியில பாத்தா பத்தினி மாதிரி...” என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். பெயர் வராது. வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் யாரைச் சொல்கிறாள் என்று தெரியும். சொல்லப்பட்டவள் பொறுக்க முடியாமல் “யாரைடீ சொல்றே?” என்று கேட்டுவிட்டால் போயிற்று. “உன்னையா சொன்னேன்? உனக்கு ஏன் குத்துது?” என்று பதில் வரும். கேட்டவள்தான் மாட்டிக்கொள்வாள்.

தமிழ்ப் பத்திரிகைக் கிசுகிசுவின் இலக்கணம் முழுக்க இதுதான். மூன்றெழுத்து நடிகை, வாரிசு நடிகர், அண்டை மாநிலத்திலிருந்து வந்த புயல், பெயரில் பூ இருக்கிற நாயகி என்று ஒரு விடுகதை போடுவார்கள். “கோடம்பாக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள்”, “நெருங்கிய வட்டாரத்தில் பேச்சு அடிபடுகிறது”, “பட்சி சொல்கிறது” என்று வாக்கியம் முடியும். எழுதியவன் எதையும் சொல்லவில்லை, சொன்னதெல்லாம் பட்சி. பட்சிக்கு சம்மன் அனுப்ப முடியாது.

சட்டப்படி பெயர் இல்லாமல் எழுதினாலும் அவதூறுதான், குத்தலாக எழுதினாலும் அவதூறுதான். ஆனால் வழக்குப் போடுகிறவர் முதலில் ஒன்றை நிரூபிக்க வேண்டும்: படித்தவர்கள் அதை என்னைத்தான் என்று புரிந்துகொண்டார்கள். அதாவது ஒரு நடிகை நீதிமன்றத்துக்குப் போய், “இந்த அசிங்கமான விடுகதைக்கு விடை நான்தான்” என்று தன் கையெழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “அம்மணி, இது ஏன் உங்களைக் குறிக்கிறது என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்பார். குழாயடிக் கேள்வியேதான், கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறது.

நான் பார்த்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். இதழ் அச்சுக்குப் போகிற நேரத்தில் கடைசி நிமிஷத்தில் ஒரு விளம்பரம் நின்றுபோனது. கால் பக்கம் வெறுமையாக இருந்தது. சினிமா நிருபர் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் ஒரு துணுக்கு எழுதினார். திருமணமான தயாரிப்பாளர், வளர்ந்துவரும் நடிகை, மலைவாசஸ்தலம். யாரை மனதில் வைத்து எழுதினீர்கள் என்று கேட்டேன். “யாரையும் இல்லை சார், இடம் காலியா இருந்தது” என்றார். இதழ் வந்த அடுத்த இரண்டு நாளில் மூன்று நடிகைகளின் மேனேஜர்கள் தனித்தனியாகப் போன் செய்து சண்டை போட்டார்கள். மூவருமே எங்கள் அம்மாவைப் பற்றி எப்படி எழுதலாம் என்றுதான் கேட்டார்கள். அந்தப் போன்களை எடுத்தவன் நான். நியாயமாகப் பார்த்தால் கூசிப்போயிருக்க வேண்டும். அன்றைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சரி, பெயர் போட்டே எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிவில் வழக்கு என்றால் வெளியான நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். கேட்கிற நஷ்டஈட்டுக்கு ஏற்ற கோர்ட் கட்டணம் உண்டு. கிரிமினல் என்றால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள். 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சம்ஹிதையின் 356. இரண்டு வருஷம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கிரிமினல் வழக்கில் “நான் எழுதியது உண்மை” என்று சொன்னால் மட்டும் தப்ப முடியாது. உண்மையாக இருப்பதோடு, பொது நன்மைக்காக வெளியிடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஒருவர் யாரோடு மலைக்குப் போனார் என்பதில் என்ன பொது நன்மை இருக்கிறது? ஏட்டளவில் பார்த்தால் சட்டம் நடிகர் பக்கம்தான்.

ஏட்டளவில்தான். வழக்கு நம்பர் ஆன நாளிலிருந்து கிசுகிசுக்குப் பத்திரிகைகளில் வேறு அந்தஸ்து வந்துவிடும். நேற்றுவரை பட்சி சொன்னதை இன்று “மனுவில் கூறியிருப்பதாவது” என்று பெயரோடு எல்லா நாளிதழும் போடலாம். நீதிமன்ற ஆவணத்தில் வந்ததை வெளியிடத் தடையில்லை. ஒரு வாரம் கழித்துப் பஜ்ஜி மடிக்கப் போயிருக்க வேண்டிய துணுக்கு, வாய்தாவுக்கு வாய்தா உயிரோடு இருக்கும். கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணை. அதுவரை யாரும் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்கலாம், பதில் சொல்லியாக வேண்டும்.

எத்தனை வருஷம் இழுக்கும் என்று ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். குஷ்பு 2005இல் ஒரு பேட்டியில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றித் தன் கருத்தைச் சொன்னார். அவர்மேல் 23 கிரிமினல் புகார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டில். அத்தனையையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2010 ஏப்ரலில். அவர் எந்தத் தனி மனிதரைப் பற்றியும் பேசவில்லை. புகார் கொடுத்தவர்களுக்கு அவதூறே நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்வதற்கே அவ்வளவு காலம் ஆயிற்று.

உங்கள் கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வழக்குப் போட்டு ஜெயித்தால் கிசுகிசு பொய், போடாவிட்டால் உண்மை. இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தப்பு.

ஜெயித்தவர் கதை ஒன்று. லிபராச்சி என்று அமெரிக்காவில் ஒரு பியானோ கலைஞர், ஜிகினா உடையும் மெழுகுவர்த்தி ஸ்டாண்டுமாக மேடை ஏறுகிறவர். 1956இல் லண்டன் ‘டெய்லி மிர்ரர்’ பத்தியாளர் ஒருவர், அவர் தன்பாலீர்ப்பாளர் என்று நேரே சொல்லாமல், அதை உணர்த்துகிற அடைமொழிகளாக அடுக்கி எழுதினார். இங்கிலாந்தில் அன்றைக்கு அது ஜெயிலுக்குப் போகிற குற்றம். 1967இல்தான் சட்டம் மாறியது. லிபராச்சி வழக்குப் போட்டார். 1959இல் கூண்டில் ஏறி, நான் அப்படி இல்லை என்று சத்தியம் செய்தார். 8,000 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது. 1987இல் எய்ட்ஸ் தொடர்பான நோயில் இறந்தார், கடைசிவரை வெளிப்படையாகச் சொல்லவில்லை. துணுக்கு எழுதியவர் ஊகித்தது சரி, வழக்கில் ஜெயித்தவர் சொன்னது பொய். ஆனாலும் அந்தப் பொய்யைச் சொன்னவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

மறுபக்கம், எல்லா ஆதாரத்தையும் எடுத்து மேஜையில் வைத்தவர் ஒருவர் உண்டு. தென் கொரியாவில் ‘எபிக் ஹை’ என்ற ராப் குழுவின் டாப்லோ. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலையும் முதுகலையும் மூன்றரை வருஷத்தில் முடித்தவர். அவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியாது, பட்டம் போலி என்று 2010இல் இணையத்தில் ஒரு கூட்டம் கிளம்பியது. அதற்கென்றே ஒரு குழு, ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள். அவர் மதிப்பெண் சான்றிதழைக் காட்டினார், திருத்தியது என்றார்கள். பல்கலைக்கழகம் உண்மைதான் என்று கடிதம் கொடுத்தது. அதுவும் போலி என்றார்கள். ஒரு டிவி குழுவோடு ஸ்டான்ஃபோர்டுக்கே போய், பதிவாளர் கேமரா முன்னால் சான்றிதழை அச்செடுத்துக் கொடுப்பதைக் காட்டினார். அந்தப் பெயரில் அங்கே ஒருவன் படித்திருக்கிறான்தான், ஆனால் அவன் வேறு ஆள், அவன் அடையாளத்தை இவன் திருடிவிட்டான் என்றார்கள்! கொரியப் போலீஸ் விசாரித்து, பட்டம் அசல் என்று அறிவித்தது. 2012இல் அந்தக் கூட்டத்தில் சிலருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. இடையில் அவர் தன் இசை நிறுவனத்தைவிட்டு வெளியேறி, வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மாவையும் அண்ணனையும்கூட அந்தக் கூட்டம் விட்டுவைக்கவில்லை.

இனி நம் ஊர்க் கதை. பொறுக்க முடியாமல் எதிர்த்து நின்ற நடிகர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் 1940களின் சென்னைக்குப் போக வேண்டும்.

லட்சுமிகாந்தன் என்று ஒருவர். போர்ஜரி வழக்கில் தண்டனை பெற்று அந்தமான்வரை போய் வந்தவர். 1943இல் ‘சினிமா தூது’ என்று ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம்தான் சரக்கு. பட்சியெல்லாம் கிடையாது, நேரடியாகவே எழுதுவார். சுடச்சுட விற்றது. எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அது போர்க்காலம், காகிதத் தட்டுப்பாடு. பத்திரிகை நடத்த அரசாங்க லைசென்ஸ் வேண்டும். அன்றைய உச்ச நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் சேர்ந்து, அந்த லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி கவர்னர் ஆர்தர் ஹோப்புக்கு மனுக் கொடுத்தார்கள். கவர்னரும் ரத்து செய்தார்.

நீங்கள் சொல்கிற மாதிரிதான் செய்தார்கள். சும்மா இருக்கவில்லை, முறையான வழியில், முறையான இடத்தில் புகார் கொடுத்து ஜெயித்தார்கள். லட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ என்ற வேறொரு பத்திரிகையை வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில், வக்கீல் நண்பரைப் பார்த்துவிட்டு கைரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பாதி நகரத்துக்கு அவர்மேல் பகை. ஆனால் பகையை எழுத்தில் பதிவு செய்து வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள், ஸ்ரீராமுலு நாயுடுவும்தான். கொலைச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. லட்சுமிகாந்தன் எழுதிய எழுத்துதான் கொலைக்குக் காரணம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது.

அந்தத் தீபாவளிக்குத்தான் பாகவதரின் ‘ஹரிதாஸ்’ வெளியாகியிருந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளி கண்டது. அதில் இரண்டு தீபாவளிக்கு நாயகன் சிறையில். 1945 மே மாதம் ஜூரிகள் பெரும்பான்மையாகக் குற்றவாளிகள் என்று சொல்ல, பாகவதருக்கும் கலைவாணருக்கும் நீதிபதி ஆயுள் தண்டனை விதித்தார்; நாயுடு விடுதலையானார். உயர் நீதிமன்றம் அப்பீலைத் தள்ளியது. அன்றைய உச்ச அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், அது மறுபடி விசாரிக்கச் சொல்லி, 1947 ஏப்ரலில்தான் இருவரும் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டரை வருஷம். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்றுவரை தீரவில்லை.

கலைவாணர் மறுபடி எழுந்துவிட்டார். தொடர்ந்து நடித்தார், படம் எடுத்தார், ஜனங்கள் சிரித்தார்கள். பாகவதரால் முடியவில்லை. ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’ என்று வந்த எதுவும் பழைய மாதிரி ஓடவில்லை. ஜனங்களின் ரசனையும் பாட்டுப் படங்களிலிருந்து வசனப் படங்களுக்கு மாறியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1959இல், ஐம்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்தார். எங்கள் தாத்தா ஒரு பாகவதர் பைத்தியம். பாட்டை ரேடியோவில் கேட்டால் உருகுவார். கடைசியில் மட்டும் குரலைத் தாழ்த்தி, “ஆனா ஏதோ இருந்திருக்கும்டா, இல்லாமயா உள்ளே வெச்சான்” என்பார். குற்றமற்றவர் என்று வெளியே விட்ட பிறகும்!

நடிகர்கள் எல்லோரும் பாவப்பட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. கிசுகிசுவைத் தாங்களே கொடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. படம் வெளியாகப் பதினைந்து நாள் இருக்கும்போது நாயகனுக்கும் நாயகிக்கும் திடீரென்று காதல் வரும். படம் தியேட்டரைவிட்டுப் போகும்போது காதலும் போய்விடும். இதையெல்லாம் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தது வெளியாள் இல்லை. படத்தின் மக்கள் தொடர்பாளரான பி.ஆர்.ஓ.விடமிருந்து டைப் செய்த தாளாகவே வரும். போட்டி நடிகையைப் பற்றிய துணுக்கும் சில சமயம் அதே கவரில் இருக்கும். ஆகவே பத்திரிகையோடு முழுச் சண்டைக்குப் போக அவர்களால் முடியாது. அடுத்த படத்துக்கு அதே பக்கம் வேண்டும். வழக்குப் போடாததற்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. நானூறு பேர் வேலை செய்கிற படம் முடங்கிவிடக் கூடாது என்று தயாரிப்பாளரும் “விடுங்கம்மா, நாலு நாள்ல மறந்துருவாங்க” என்றுதான் சொல்வார்.

கிசுகிசு உண்மையாகவே இருந்தால்? உங்கள் கேள்வி அந்தப் பக்கம் போகவே இல்லை. உண்மை என்றால் பிரச்சினை முடிந்தது என்று எடுத்துக்கொண்டீர்கள். பிரிட்டிஷ் நடிகை சியன்னா மில்லரின் கதையைக் கேளுங்கள். 2005 வாக்கில் அவரைப் பற்றி வந்த செய்திகளில் பல உண்மை. அதுதான் அவரை ஆட்டிவைத்தது. நாலே பேருக்குத் தெரிந்த விஷயம் எப்படிப் பத்திரிகைக்குப் போகிறது? தன் குடும்பத்தையும் நெருங்கிய நண்பர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, உங்களில் யார் விற்றது என்று குற்றம் சாட்டியதாக 2011இல், பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவிசன் விசாரணைக் குழு முன்னால் சொன்னார். யாரும் விற்கவில்லை. ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்டு’ ஆட்கள் அவருடைய போனின் வாய்ஸ்மெயிலைத் திருட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரு லட்சம் பவுண்டு கிடைத்தது. இன்னும் பல ஒட்டுக்கேட்பு விவகாரங்கள் வெளியாகி, 168 வருஷப் பத்திரிகை 2011 ஜூலையில் மூடப்பட்டது. அம்மாவையே சந்தேகப்பட்ட அந்த நாட்களுக்கு எந்த நஷ்டஈடும் ஈடாகாது.

அப்படியானால் வழக்கே போடுவதில்லையா என்றால், போடுகிறார்கள். நான் கவனித்தவரை காதல், சண்டை, விவாகரத்து என்று வருவதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். உடல்நிலை, பணமோசடி, குழந்தை, இந்த மூன்றில் கை வைத்தால் வக்கீல் நோட்டீஸ் பறக்கும். அபிஷேக் பச்சன், ஐஸ்வர்யா ராய் தம்பதியின் மகளுக்கு 11 வயது இருக்கும்போது, அந்தப் பிள்ளைக்குக் கடும் நோய் என்றும், உயிரோடு இல்லை என்றும்கூட யூடியூபில் வீடியோக்கள் போட்டார்கள். அழுகிற அம்மாவின் படத்தை ஒட்டிய தம்ப்நெயில், சோக இசை. குழந்தையின் பெயரில் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றம், வீடியோக்களை நீக்கச் சொல்லி கூகுளுக்கும் அந்தச் சேனல்களுக்கும் உத்தரவு போட்டது. குழந்தை யாராக இருந்தாலும் அதன் உடல்நிலை பற்றிப் பொய் பரப்புவதைச் சட்டம் பொறுக்காது என்று நீதிபதி கண்டித்தார்.

நல்ல தீர்ப்புதான். ஆனால் 2025 பிப்ரவரியில் அந்தக் குடும்பம் அதே வழக்குக்காக அதே நீதிமன்றத்தில் மறுபடி நின்றது. வீடியோ போட்டவர்களில் சிலர் அதுவரை ஆஜராகவே இல்லை.